கண் திறக்கும் வேலை

படத்தில் எல்லாருடைய கண்ணும் மூடியிருந்தது.

ஒருவர் இருவர் என்றால் வடிவு அதைப் பெரிதாக எடுத்திருக்கமாட்டாள். பளிச்சென்று வெளிச்சம் அடித்தால் இமைக்காத மனுஷர் யார்? ஆனால் கம்ப்யூட்டர் திரையில் அவள் ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே போனாள். தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவில், தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தில் அன்று எடுத்த ஆண், பெண், கிழவர், குமரி எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஸ்டூடியோவும் வீடுமாக இருந்த மாடிக்குக் கீழே, ரொட்டிக் கடையிலிருந்து எண்ணெய்ப் புகை மாடிப்படி ஏறி வந்து நாசியில் ஒட்டியது. கூரைத் தகரத்தில் நோர்வூட் மழை விடாமல் பொரிந்துகொண்டிருந்தது. வடிவு ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இமைக்கிறவன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? புருவம் சுருங்கும், மூக்கு ஏறும், உதடு கோணும். இந்த முகங்களில் அப்படி ஒரு சுளிப்பும் இல்லை. நெற்றி வழவழவென்று, வாய் கொஞ்சம் தளர்ந்து, இமை இரண்டும் பாரமாக இறங்கி, சொல்லிவைத்தாற்போல ஒரே அமைதி. அந்த அமைதியை அவள் வேறு இடத்தில் நிறையப் பார்த்திருக்கிறாள். எங்கே என்று நினைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு அது. கொழும்பில் கடைகளில் வேலை செய்கிற நம் பிள்ளைகளை, கையில் அடையாள அட்டை இல்லையென்றால் வழிமறித்து ஏற்றிக்கொண்டு போன காலம். போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். வராதவர்களின் தாய்மார் இன்னமும் பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக மலையில் கொழுந்து பறித்தவர்களுக்கு முகம் இருக்கிறது என்பதே அப்போதுதான் அரசாங்கத்துக்குத் தெரியவந்தது. நடமாடும் சேவை என்று சொல்லி அதிகாரிகள் தோட்டத்துக்கே வந்து விண்ணப்பம் வாங்குவதாக ஏற்பாடு. அதற்குப் படம் வேண்டும். அந்தப் படங்களைத்தான் வடிவு, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அறையான பிள்ளைக் காம்பராவின் சுவரில் வெள்ளைத் துணி கட்டி, ஒவ்வொருவராக முக்காலியில் உட்காரவைத்து எடுத்துவந்திருந்தாள். நடமாடும் சேவை மறுநாள் மதியம்.

சண்முகவடிவு என்பது முழுப்பெயர். புருஷன் அழகன் நெஞ்சுவலியில் போய்ச்சேர்ந்த பிறகு ஸ்டூடியோவை அவள்தான் நடத்துகிறாள். ஒரே மகள் தனுஷிகா, பதினாறு வயதில் சாதாரணதரப் பரீட்சை எழுதப்போகிறவள். அழகன் விட்டுப்போன சாமான்களில் உருப்படியாக இருந்தது ஒரு பழைய பிளாஷ். கைப்பிடியும் அகலமான தலையுமாக, தேயிலைத் தூரில் கவாத்துக்கத்தி செருகினாற்போல ஒரு முரட்டுச் சாமான். பற்றரி போட்டால் கொசு ரீங்காரம்போல மெல்ல ஆரம்பித்து, காதுக்கு எட்டாத உயரத்துக்கு ஏறி, முதுகில் ஒரு சிவப்புப் பொட்டு எரியும். அடித்தால் லயத்துக் காம்பராவின் புகைபிடித்த மூலை முடுக்கெல்லாம் சுண்ணாம்பு பூசினதுபோல வெளுத்துப்போகும்.

டிஜிட்டல் கமரா வாங்கினபோது நுவரெலியாவில் கமரா திருத்துகிற செல்வரத்தினத்திடம் அந்தப் பிளாஷையும் கொண்டுபோய்க் காட்டினாள். யாழ்ப்பாணத்து மனுஷன்; பேச்சு குறைவு, கை சுத்தம். மின்மானியின் இரண்டு முனையையும் பிளாஷின் அடியில் வைத்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, இதை நேரா இந்தக் கமராவுக்கு மேல பூட்டிப்போடாதேங்கோ. பழைய பிளாஷ் முந்நூறு வோல்ட்டுக்குக் கிட்டத் தள்ளும். புதுசு அஞ்சாறு வோல்ட்டுக்கு மேல தாங்காது. ஒரே அடியில உள்ளுக்க எரிஞ்சு போயிடும்."

அப்புறம் தீப்பெட்டி அளவில் ஒரு சாமானை எடுத்துக் கொடுத்தார். அதற்குக் கண் என்றுதான் அவர் பெயர் சொன்னார். அதைப் பிளாஷின் காலில் மாட்டித் தள்ளி ஒரு பக்கம் நிற்கவைத்துவிட வேண்டும். கமராவோடு கூடப்பிறந்த குட்டி வெளிச்சம் அடித்ததும் கண் அதைப் பார்க்கும். பார்த்ததும் பெரிய பிளாஷ் தானாக அடிக்கும். நடுவில் வயர் இல்லை, தொடுப்பு இல்லை, கமராவுக்குச் சேதமும் இல்லை. பற்றரியைக் கழற்றினாலும் உள்ளே பல நாளைக்கு மின்சாரம் தங்கியிருக்கும், கழற்றிப் பார்க்கிற வேலை வைத்துக்கொள்ளக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

அவர் சொன்னபடிதான் வடிவு எல்லாம் செய்தாள். அப்படியும் கண்கள் மூடியிருந்தன.

தொலைபேசியில் கேட்டபோது செல்வரத்தினம் சிரித்தார். புதிய கமரா அளவு பார்க்க முதலில் ஒரு சின்ன வெளிச்சம் அடிக்குமாம். கண் அதில் ஏமாந்து பெரிய பிளாஷை முந்தி அடிக்கவைக்குமாம். சனம் அதற்கு இமைத்துவிடுமாம். கமராவைத் தானாக அளக்கவிடாமல் கைக்கணக்கில் மாற்றிவைத்தால் சரியாகிவிடும் என்றார். வடிவுக்கு மூச்சு வந்தது. காரணம் ஒன்று கிடைத்துவிட்டால் பயம் பாதி இறங்கிவிடும் அல்லவா, பிள்ளைகளா. பெரிய பிளாஷ் முந்தி அடித்திருந்தால் படங்கள் இருண்டு வந்திருக்கவேண்டுமே, இவை பட்டப்பகலாக இருக்கின்றனவே என்ற கேள்வி தொண்டைவரை வந்தது. அவள் அதைக் கேட்காமல் போனை வைத்துவிட்டாள்.

திரும்பப் போய் எடுக்க நேரமில்லை. ஆனால் மூடிய கண்ணைத் திறப்பது அவளுக்குப் புதிய வேலையும் இல்லை.

லயத்தில் ஒருவர் செத்துப்போனால், உயிரோடு இருந்தபோது ஒரு படமும் எடுத்திராதவர் என்றால், ஸ்டூடியோக்காரரைக் கூப்பிடுவார்கள். குளிப்பாட்டிப் பொட்டு வைத்து, நாடியைத் துணியால் தூக்கிக் கட்டி, சுவரில் சாய்த்து உட்காரவைத்துப் படம் எடுக்கவேண்டும். மாலை போட்டு மாட்டுகிற படத்தில் செத்தவர் தூங்கக்கூடாது, வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது சனங்களின் ஆசை. அழகன் பிரதியின் மேல் மெல்லிய தூரிகையால் கண் எழுதுவான். வடிவு கம்ப்யூட்டரில் ஒட்டுவாள். யாருடைய கண்ணை ஒட்டுவது என்ற கேள்வி வந்தபோது, அடுத்தவர் கண்ணைக் கேட்காமல் எடுப்பது பாவம் என்று அவளுக்குத் தோன்றியது. அதனால் செத்த பெண்களுக்கெல்லாம் தன் கண்ணையே ஒட்டினாள். ஆண்களுக்கு அழகனுடைய கண். நிறத்தைக் கொஞ்சம் மாற்றி, ஓரத்தைச் சுருக்கி, வயதுக்குத் தகுந்தபடி மங்கலாக்கினால் ஒருவரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். எத்தனையோ காம்பராக்களின் சுவரிலிருந்து அவளும் அவள் புருஷனும் மாலைக்கு நடுவில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. அழகன் உயிரோடு இருப்பவர்களை ஸ்டூடியோவில் பெரிய விளக்குகளுக்குக் கீழே உட்காரவைத்துத்தான் எடுப்பான். அந்தப் பழைய பிளாஷ் சாவு வீட்டுக்கு மட்டும் போகிற சாமான். அத்தனை வருஷமும் அது திறந்த கண் ஒன்றைப் பார்த்ததே கிடையாது.

வடிவு அன்று மாலையே உட்கார்ந்துவிட்டாள். பெண்ணுக்குத் தன் கண், ஆணுக்கு அழகன் கண். கடைசிப் படத்தையும் சேமித்து எழுந்தபோது மறுநாள் வெயில் ஏறியிருந்தது. படங்களை வெட்டி உறையில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள்.

அங்கே கங்காணி கத்திக்கொண்டிருந்தான். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற விடியற்காலைப் பெரட்டுக்கு மேற்பிரிவிலிருந்து படம் எடுக்காத சில பேரைத் தவிர ஒரு ஈ காக்கா வரவில்லையாம். தப்பு மேளம் அடித்தும் பார்த்தார்களாம், முகத்தில் தண்ணீர் தெளித்தும் பார்த்தார்களாம். கொழுந்து பறிக்கிற நாகலெட்சுமி சோம்பல் முறித்தபடி வந்து படத்தை வாங்கினாள். எப்போதும் வாய்க்கு வாய் கேலி பேசுகிறவள் அவள்.

"என்னா மருந்து போட்டீங்கக்கா அந்த லைட்டுல? ராத்திரி படுத்ததுதான், லயமே செத்த பொணமாட்டம் படுத்துக் கெடந்துச்சுங்க. அப்பறம் யாரோ பேரு சொல்லிக் கூப்புட்டாப்புல எல்லாரும் ஒன்னா எந்திரிச்சோம். எம்மாமியார் மட்டும் இன்னும் கொஞ்சம் தூங்கியிருந்தா நல்லாருந்திருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். வடிவும் சிரித்தாள். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று கேட்க வாயெடுத்துவிட்டு, கேட்காமலே விட்டாள். அதிகாரிகள் படங்களை மேலோட்டமாகப் பார்த்து ஏற்றுக்கொண்டார்கள். முகத்தில் இரண்டு கண் இருந்தால் அவர்களுக்குப் போதும்.

அன்று பின்னேரம் வீட்டின் பின்னால் மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் சவர்க்காரம் போட்டு முகம் கழுவினாள் வடிவு. கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். மூடிய கண்ணுக்குள் பச்சை தெரிந்தது.

முதலில் வெறும் நிறம் என்றுதான் நினைத்தாள். பிறகு அதில் இலை இருந்தது. இலையில் பனித்துளி இருந்தது. அந்தத் துளிகளுக்கு நடுவே வெடிப்பு விழுந்த, கறை ஏறிய இரண்டு கைகள் புகுந்து கொழுந்தைக் கிள்ளின. அவள் அலறவில்லை. கண்ணைத் திறந்தாள், பீலித் தண்ணீரும் பாசிபிடித்த கல்லும் இருந்தன. சவர்க்காரம் எரிந்தது. எரிந்தாலும் அவள் மறுபடி மூடவில்லை.

அதிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் மற்றவர்களுக்கு இருட்டு வரும். அவளுக்கு லயம் வந்தது. கரி படிந்த தகரமும், ஒழுகுகிற இடத்தில் செருகின பிளாஸ்டிக் பையும், சாக்குத் திரையும், அதற்கு அந்தப் பக்கம் இருமுகிற கிழவனும் தெரிந்தன. ஒருத்தியின் கண் வழியாக அடுப்பு தெரியும். அடுத்து இன்னொருத்தியின் கண் வழியாகக் குடித்துவிட்டு வாசலை மறைத்து நிற்கிற புருஷன் தெரிவான், ஓங்கின கை இறங்கிவரும். சத்தம் மட்டும் கேட்காது. ஒரு தாய் தகரப்பெட்டியைத் திறந்து, காணாமற்போன மகனின் சட்டையை எடுத்து முகர்ந்து, திரும்ப மடித்து வைப்பாள். இதையெல்லாம் பார்க்க வடிவுக்கு என்ன உரிமை? பார்த்துத்தான் என்ன செய்துவிட முடியும்? விடிந்ததும் அந்தப் பெண்களில் யாராவது ஒருத்தி கடைவீதியில் சிரித்துக்கொண்டு வருவாள். வடிவு தலையைக் குனிந்துகொள்வாள்.

பஸ்ஸில் அவர்களைக் கவனித்தாள். பொகவந்தலாவைப் பஸ் புழுதியை வாரி உள்ளே அடித்தபோது மற்றவர்கள் கண்ணைக் கசக்கினார்கள். அந்த லயத்துப் பெண்கள் அசையவில்லை. சிவந்து நீர் வழிகிற கண்களை அகல விரித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

நாகலெட்சுமி ஒரு நாள் மாடிப்படி ஏறி வந்தாள். முக்காலியில் உட்கார்ந்தாள். கேலி எல்லாம் எங்கேயோ போயிருந்தது. கண்ணோரம் வெந்து தோலுரிந்திருந்தது.

"அக்கா, கண்ண மூட பயமா இருக்குங்க."

வடிவு திரையை அணைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"மூடுனா இந்த எடந்தான் தெரியுது. இந்த டீவிப்பொட்டி, இந்தப் படி, ஒங்க பாப்பா சாப்புடுறது. நேத்து நீங்க கண்ணாடியப் பாத்தீங்களா? நா ஒங்கள பாத்தேங்க. நீங்க என்னையப் பாத்தீங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "எங்களுக்காச்சும் பரவாயில்ல. ஆம்பளைங்க கதை வேற. மாயாண்டி மாமா காட்டுல போயி குந்திக்கிட்டு, குச்சிய ஒடச்சி எமையில முட்டுக் குடுத்து வச்சிருக்காரு."

வடிவு அன்றே மாயாண்டியைத் தேடிப்போனாள். தேயிலைச் சரிவில் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். வயது போன மனுஷன். அழகனைக் குழியில் இறக்கினபோது ஒரு பக்கக் கயிறு பிடித்தவர். மூடுபனி அவர் தோளைத் தொட்டுத்தொட்டு நகர்ந்தது. அவர் திரும்பாமலே பேசினார்.

"மண்ணுதான் தாயி தெரியுது. ஈர மண்ணு. கண்ணுக்கு மேலயே, ஒட்டிக்கிட்டு. ஒரு வேரு வந்துக்கிட்டிருக்கு. நேத்தக்கி இன்னிக்கி கிட்ட வந்திருச்சு."

வடிவு எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை.

ஒட்டின கண்களை அழித்துவிட்டால் என்ன என்று ஒரு தரம் துணிந்தாள். நாகலெட்சுமியின் படத்தைத் திறந்து, அழிக்கிற பொத்தானில் விரலை வைத்தாள். அழித்தால் கீழே இருக்கிற முகம் வரும். இமை இறங்கிய, வாய் தளர்ந்த, எதுவும் வேண்டாம் என்று இருக்கிற அந்த முகம். லயம் முழுவதும் அந்த முகத்தோடு படுத்துக்கிடந்த காலை நினைவுக்கு வந்தது. விரலை எடுத்துவிட்டாள். திறந்து வைத்தாலும் கொடுமை, மூடினாலும் கொடுமை. அவள் ஒரு விதவை. ஒரு ஸ்டூடியோவும் ஒரு பெண்பிள்ளையும் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லாதவள். இதை எந்தக் கோயிலில், எந்த அரசாங்கக் கந்தோரில் போய்ச் சொல்வாள்?

ஒன்றை மட்டும் உறுதியாகச் செய்தாள். பிளாஷிலிருந்து அந்தத் தீப்பெட்டிக் கண்ணைக் கழற்றி, பழைய பிலிம் டப்பா ஒன்றில் போட்டு மூடி, சேலைகளுக்கு அடியில் ஒளித்துவைத்தாள். பற்றரிகளைக் கழற்றி ஆற்றில் எறிந்தாள். பிளாஷை அலுமாரி மேல் கவிழ்த்துவைத்தாள். கண் இல்லாமல் அது அடிக்காது. யாரும் அடிக்கவும் முடியாது. தன் மகள் மேல் அந்த வெளிச்சம் ஒருக்காலும் படக்கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அலுமாரி மேல் சிவப்புப் பொட்டு மட்டும் நாட்கணக்கில் அணையாமல் கிடந்தது. உள்ளே மின்சாரம் தங்கும் என்று செல்வரத்தினம் சொன்னதுதானே என்று அவள் தன்னையே தேற்றிக்கொண்டாள்.

பரீட்சைக்குப் பிள்ளைகளுக்கும் அடையாள அட்டை வேண்டும் என்று பாடசாலையில் படம் கேட்டார்கள். ஹட்டனில் வேறு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று வடிவு சொன்னாள். தனுஷிகாவுக்கு ரோஷம்.

"ஸ்டூடியோக்காரி மக ஹட்டனுக்குப் போயி போட்டோ புடிச்சாளாம்னு கிளாஸே சிரிக்கும்மா. இங்க கமரா இல்லியா, லைட்டு இல்லியா?"

"சொன்னாக் கேளுடி. ஞாயித்துக்கெழம போவோம்."

"நாளைக்குக் குடுக்கணும். இல்லாட்டி என் பேர வெட்டிருவாங்க. ஒங்களுக்கு ஊரு சனமெல்லாம் முக்கியம், நான்தான் ஆகாது."

அந்தப் பேச்சு வடிவுக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று மதியமே ஹட்டனுக்குப் போய், தெரிந்த ஸ்டூடியோக்காரரிடம் மகளுக்கு அன்று மாலையே நேரம் கேட்டு வாங்கிவிட்டு, மழையோடு மழையாகத் திரும்பி வந்தாள்.

படியிலேயே வாடை அடித்தது. ரொட்டி எண்ணெய் இல்லை. எரிந்த ரப்பரும், தலைமயிரும்.

மேலே வெள்ளைத் துணி கட்டியிருந்தது. முக்காலி இருந்தது. முக்காலிக்கு எதிரே கமரா அதன் காலில் நின்றது. கமராவின் மேல், நேராக, நடுவில் ஒன்றுமே இல்லாமல், அந்தப் பிளாஷ் பூட்டப்பட்டிருந்தது. அலுமாரியிலிருந்து எடுத்திருக்கிறாள். புதுப் பற்றரி வாங்கிப் போட்டிருக்கிறாள். மாட்டுவதற்குக் கண்ணைத் தேடியிருக்கிறாள், கிடைக்கவில்லை. தாய்தான் ஒளித்துவைத்துவிட்டாளே. கிடைக்காததால் பிள்ளை அதை அப்படியே கமராவின் தலையில் செருகி, தானாக அமுங்குகிறபடி வைத்துவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்திருக்கிறாள்.

கமரா செத்திருந்தது. பொத்தானை அமுக்கினால் சத்தமில்லை.

தனுஷிகா துணிக்குக் கீழே சரிந்து கிடந்தாள். மூச்சு இருந்தது. உடம்பில் சூடும் இருந்தது. வடிவு அவளைத் தூக்கிக் கட்டிலில் போட்டாள், கன்னத்தில் தட்டினாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பெருவிரலால் இமையைத் தூக்கிப் பார்த்தாள். இமை அசையவில்லை. திறக்கவே தெரியாத தோல் மாதிரி, பிறந்ததிலிருந்தே அங்கே கண் இல்லாதது மாதிரி, வழவழவென்று இருந்தது.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாம். ஓடினால் அவர்கள் என்ன செய்வார்கள்? முகத்தில் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார்கள். லயம் எப்படி எழுந்தது என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டுந்தான் தெரியும். பிள்ளை தூங்குகிறாள், அவ்வளவுதான். படத்தில் கண்ணைத் திறந்துவிட்டால் எழுந்துவிடுவாள்.

கமராவின் வயிற்றைத் திறந்து அட்டையை உருவினாள். கம்ப்யூட்டரில் போட்டாள். ஒரே ஒரு படம். வெள்ளைத் துணிக்கு முன்னால் மகள். சீருடை, ரிப்பன், பின்னல். இறங்கிய இமை.

அப்போது கரண்ட் போயிற்று.

விளக்கு அணைந்தது. மேசைக்குக் கீழே இருந்த பற்றரிப்பெட்டி கம்ப்யூட்டரை மட்டும் பிடித்துக்கொண்டு கீக் என்றது. கொஞ்சம் விட்டு மறுபடி கீக். அதன் ஆயுள் கொஞ்ச நேரந்தான். ஜன்னலில் மாலை சாம்பலாக நின்றது. மூடுபனி கண்ணாடியில் முகத்தை வைத்திருந்தது.

இவளுக்கு இவள் கண்ணையே கொடுக்கவேண்டும். வேறு எந்தக் கண்ணும் வேண்டாம். வடிவு தேடினாள். ஊர் முகத்தையெல்லாம் பெட்டி பெட்டியாக வைத்திருந்தவளிடம், பெற்ற மகளின் முகம் வளர்ந்த பிறகு எடுத்தது ஒன்றுகூட இல்லை. எடுக்கலாம் எடுக்கலாம் என்று விட்டதுதான். கடைசியில் பாடசாலை விளையாட்டுப் போட்டியில் யாரோ எடுத்துக் கொடுத்த படம் ஒன்று கம்ப்யூட்டரில் அகப்பட்டது. பெரிய கூட்டத்தில் பின்வரிசையில் மகள். மிளகு அளவு முகம். அதில் கண்ணைப் பிய்த்தெடுத்துப் பெரிதாக்கினாள். சாம்பல் கட்டங்களாக உடைந்தது. உடைந்ததை அப்படியே ஒட்டினாள்.

கட்டில் முனகியது.

வடிவு திரும்பிப் பார்த்தாள். இமை மெல்லப் பிரிந்துகொண்டிருந்தது. உள்ளே கருமணி இல்லை. வெள்ளை இல்லை. சாம்பல். கட்டம் கட்டமாகச் சாம்பல்.

பாய்ந்து அழித்தாள். இமை மூடிக்கொண்டது.

கீக். கீக். இடைவெளி சுருங்கிக்கொண்டு வந்தது.

செத்த பெண்களுக்குக் கொடுத்த கண். லயத்துப் பெண்களுக்குக் கொடுத்த கண். அது ஒன்றுதான் தயாராக இருந்தது, பெரிதாக, தெளிவாக, ஒவ்வொரு இமைமயிரும் எண்ணக்கூடியதாக. தாய் கண் மகளுக்கு ஆகாதா? பிறகு நல்ல படம் எடுத்து மாற்றிக்கொள்ளலாம். பிறகு. எல்லாம் பிறகு. கண்ணை மூடினால் தாய் பார்ப்பதை இவள் பார்க்க நேர்ந்தால் அதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போது எழுந்தால் போதும்.

ஒட்டினாள். வலது கண் பொருந்தியது. இடது கண் நூலளவு கீழே இறங்கியிருந்தது. சரிசெய்ய நேரமில்லை.

கீக்கீக்கீக்.

சேமித்தாள்.

திரை அணைந்தது.

வடிவு ஒரு தடவை இமைத்தாள்.

தகரம் தெரிந்தது. எந்த லயத்துத் தகரம் என்று பார்த்தாள். லயம் இல்லை. இது அவள் வீட்டுக் கூரை. அவள் மல்லாந்து கிடந்தாள். முதுகுக்குக் கீழே கட்டிலின் கயிறு உறுத்தியது. எழுந்திருக்க நினைத்தாள், உடம்பு கேட்கவில்லை. கண்ணை மூட நினைத்தாள், இமை கேட்கவில்லை. கருமணியை மட்டும் உருட்ட முடிந்தது.

உருட்டினாள்.

ஜன்னல். சாம்பல் வெளிச்சம். அணைந்த திரைக்கு முன்னால் முதுகைக் காட்டியபடி ஒருத்தி. ஈரம் உலராத சேலை. அள்ளி முடிந்த கொண்டை.

அவளுடைய சேலை. அவளுடைய கொண்டை.

நாற்காலி கிறீச்சிட்டது. அந்த உருவம் மெல்லத் திரும்பியது. நெற்றி வழவழவென்று இருந்தது. வாய் தளர்ந்திருந்தது. இமை இரண்டும் இறங்கியிருந்தன.

அது எழுந்தது. இரண்டு கையையும் நீட்டிக் காற்றைத் துழாவியது. மேசை விளிம்பைத் தொட்டது. முக்காலியில் இடறி நின்றது. பிறகு அந்த வாய் திறந்தது. பதினாறு வயதுக் குரல் வந்தது.

"அம்மா? லைட்டு போயிருச்சாம்மா? எங்கம்மா இருக்கீங்க?"

இங்கே இருக்கிறேன் என்று வடிவு சொல்ல முயன்றாள். இந்த வாய் அவளுடையது இல்லை, மகளுடையது. ஒரு சத்தமும் வரவில்லை.

"கண்ணத் தொறக்க முடியலம்மா."

கைகள் கட்டில் காலைக் கண்டுபிடித்தன. பாயைத் தடவின. கால் விரல், முழங்கால், சீருடையின் சுருக்கம், பின்னல், நாடி. அந்த விரல்கள், வடிவின் சொந்த விரல்கள், ஒவ்வொன்றாக முகத்தில் ஏறின. திறந்திருந்த கண்ணில் ஒரு விரல் பட்டது. கண் இமைக்கவில்லை.

விரல்கள் அப்படியே நின்றன.

"யாரு இது?" என்றது மகளின் குரல், மிக மெதுவாக.